துணையோடு வரும் சொல்

அந்த அக்காவுக்கு முன்னால் வாயைத் திறக்க எனக்குப் பயம். அவர் கோபக்காரர் இல்லை. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாரையும் குத்திக்காட்டுகிற குணமும் கிடையாது. ஆனாலும் காலையில் ஆபீஸ் மாடிப்படி ஏறும்போதே, இன்றைக்கு அவரிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் ஏறுவேன். அப்படிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று அதற்கும் சேர்த்துப் பயப்படுவேன்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்து, கடலுக்குப் போகிறவருக்கே வாழ்க்கைப்பட்டவள். எங்கள் தெருவில் ஆண்கள் படகுக்குக் கிளம்பும்போது எங்கே என்று கேட்கக் கூடாது. எப்போது வருவீர்கள் என்றும் கேட்கக் கூடாது. கேட்காமல் விழுங்கிய கேள்விகளெல்லாம் வயிற்றில் தங்கிப் புளித்துப் பயமாகிவிடும். "குக்கர் விசிலடிச்சாலே கன்னத்துல போட்டுக்குற ஆளு நீ" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கென்ன, படகில் இருக்கிறவருக்குக் கரையில் நிற்கிறவளின் பயம் தெரியாது.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். காரைக்காலில் மாதா கோயில் தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே நீளமான ஒற்றை அறை. பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, எழுத்துகளைக் கம்ப்யூட்டரே படிக்கும்படி செய்வார்கள். அது தப்பாகப் படித்ததைத் திருத்துவது எங்கள் வேலை. மை ஊறிய இடம், மடிப்பில் கிழிந்த இடம், செல்லரித்து ஓட்டை விழுந்த இடம் என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஏதாவது இருக்கும். ஓட்டையில் இருந்த சொல் எதுவென்று யாருக்குத் தெரியும்? அதற்கு ஒரு வழி உண்டு. ஓட்டைக்கு முன்னால் நிற்கும் சொல்லை அடித்தால், அதுவரை சேர்த்திருக்கிற எல்லாப் புத்தகங்களிலும் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தெந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது, எந்தக் காலத்தில் எது அதிகம் என்று வரிசையாக வந்து நிற்கும். இதற்கு ஆபீசில் 'ஜோடி பார்ப்பது' என்று பெயர். வேலையை எங்கோ வெளிநாட்டிலிருந்து வாங்கி நடத்தியவரை நாங்கள் சார் என்போம். இப்போது அந்த அறையில் கூரியர் ஆபீஸ் இருக்கிறது. அக்காவும் ஊரில் இல்லை.

அக்கா ஜோடி பார்த்து நான் அதிகம் கண்டதில்லை. முன்னால் ஓர் அச்சகத்தில் வருஷக்கணக்காகப் பிழை திருத்தியவர். சார் சும்மா வம்புக்குக் கேட்பார்.

"அக்கா, 'திடுக்கிட்டு'ன்னு இருக்குங்க. அடுத்தது போயிடுச்சு."

"எழுந்தான்."

"ஆளு பொம்பளைங்கக்கா."

"அப்ப 'நின்றாள்'. பொம்பளைங்கள அந்தக் காலத்துப் புஸ்தகத்துல அவ்வளவு சீக்கிரம் எழுந்திரிக்க விடமாட்டாங்க."

சார் அடித்துப் பார்ப்பார். அப்படித்தான் இருக்கும். சிரித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொள்வார். அக்கா சிரிக்க மாட்டார். ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். "வார்த்தை தனியா வராதும்மா" என்று என்னிடம் சொல்வார். "துணையோடதான் வரும். யாரு கூட வந்துருக்குன்னு பாத்தா, எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சுரும்." ரொம்பப் பழைய புத்தகமென்றால் 'மிகுந்த' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'விசனம்' உட்கார்ந்திருக்கும். அப்புறம் 'துக்கம்' வரும். அதற்கும் அப்புறம் 'வருத்தம்'. "மனுசங்க படுறபாடு ஒண்ணுதான், கூட வர்ற ஆளுதான் மாறிக்கிட்டே இருக்கு" என்பார்.

இதுவரை பயப்பட ஏதும் இல்லை என்றுதான் உங்களுக்குத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஒருநாள் ஒரு பழைய நாவலைத் திருத்திக்கொண்டிருந்தோம். நான் வாய்விட்டுப் படிக்க, அவர் திரையில் பார்த்துக்கொண்டே வந்தார். கதையில் கல்யாண வீடு, வாசலில் வாழைமரம், எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். அக்கா கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"இன்னும் ரெண்டு பக்கத்துல ஒருத்தர் போயிருவாங்க."

"கல்யாணம்தானக்கா நடக்குது?"

"எழுதுனவரு கையில சொந்த வார்த்தை தீந்துபோச்சு, பாரு. 'ஆனந்த வெள்ளம்'ங்கிறாரு. 'இன்ப முகம்'ங்கிறாரு. இத்தன நேரம் அந்தத் தாத்தா மூக்குப்பொடி போடுறத எவ்வளவு நல்லா எழுதுனாரு? இப்ப எல்லாம் இரவல் ஜோடி. பயந்துட்டாரு. சாவு கிட்ட வந்தா எழுதுறவங்களுக்கு அப்படித்தான் ஆவும்."

பக்கத்தைப் புரட்டினேன். மூக்குப்பொடித் தாத்தா போய்விட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதன்பிறகு கதையில் யாராவது ரொம்பச் சந்தோஷமாக இருந்தால் அக்காவின் கையைத்தான் பார்ப்பேன்.

கதையோடு நின்றிருந்தால் பிழைத்தேன். மனிதர்கள் பேசுவதையும் அவர் அதே காதால்தான் கேட்டார். பேசுகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கழுத்தைப் பார்ப்பார், சொல் அங்கிருந்து கிளம்பி வருவதைப் பார்க்கிறவர் மாதிரி. கீழே டீக்கடை வைத்திருந்த அண்ணன் வசவிலேயே வியாபாரம் செய்கிறவர். டீ ஆறிப்போச்சு என்று சொன்னால், "ஆறாம என்ன, உன் மாமியா மனசா அது?" என்பார். அந்த வாயைக் கேட்கவே ஆட்டோக்காரர்கள் அங்கே நிற்பார்கள். ஒரு காலையில் அக்காவும் நானும் போனபோது, "வாங்க, நல்லாருக்கீங்களா, என்ன சாப்புடுறீங்க" என்றார். நான் இதென்னடா மரியாதை என்று நினைத்ததோடு சரி. அக்கா அவர் கழுத்தைப் பார்த்தார். டீயைப் பாதியில் வைத்தார்.

"அண்ணே, வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"எதைம்மா?"

"எதையோ. சொல்லிடுங்க."

அந்த அண்ணன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். நெஞ்சில் அடைப்பு இருக்கிறது என்று டாக்டர் முதல்நாள்தான் சொல்லியிருக்கிறார். வீட்டில் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார், வைத்தியம் பார்த்தார், நன்றாக ஆகிப் பழையபடி வைது டீ போட்டார். ஆனால் அக்கா கடைக்குப் போனால் மட்டும் டீயைத் தம்பியிடம் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே போய்விடுவார். நான் அவர்மேல் குறை சொல்ல மாட்டேன்.

எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. நான் பேசுகிற ஒவ்வொரு ஜோடியையும் நானே பிடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். இரவல் வார்த்தை வாயில் வந்துவிட்டால் எனக்கு ஏதோ வரப்போகிறது என்று அர்த்தமாகிவிடுமே. அதனால் வீட்டில் வேண்டுமென்றே கோணலாகப் பேசினேன். "சோறு ரெடி" என்பதற்குப் பதில் "சோறு ஒக்காந்துடுச்சு" என்றேன். வீட்டுக்காரர் தட்டோடு என்னை மேலும் கீழும் பார்த்தார். "திருநள்ளாறு போயி ஒரு எள்ளு தீபம் போட்டுட்டு வா" என்றார். சனிக்கிழமைக் கூட்டத்தில் நசுங்கி அதையும் போட்டுவிட்டு வந்தேன்.

அக்காவும் தவறியிருக்கிறார். அதையும் சொல்ல வேண்டும். ஒரு பழைய கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கம். 'அவள் தன் கணவனை' என்று இருந்தது. அதற்கடுத்து ஓட்டை. ஓட்டைக்கு அந்தப்புறம் 'குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்'. மீதியெல்லாம் கரையானுக்குப் போய்விட்டது. அக்கா கண்ணை மூடித் திறந்து 'இழந்து' என்று போட்டார். பழைய புத்தகங்களில் 'கணவனை' என்ற சொல்லுக்கு அடுத்து அதிகமாக வருவது அதுதான். நானும் பார்த்தேன், சாரும் பார்த்தார், யாருக்கும் சந்தேகமில்லை. கொஞ்ச காலம் கழித்து பக்கத்து ஊரான நெடுங்காட்டில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி வந்தது. அதில் 'கணவனை எழுப்பி' என்று இருந்தது. அந்த ஆள் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான், அவ்வளவுதான்.

அக்கா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு ஆளக் கொன்னுட்டேம்மா" என்றார்.

"கதைங்கக்கா அது" என்றார் சார்.

"கதைதான். ஆனா அதிகமா வர்றதுதான் இங்கயும் இருக்கும்னு நெனச்சுட்டேனே."

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் போகாமல் மாதா கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். வந்ததும் தன் கையாலேயே 'எழுப்பி' என்று அடித்தார். ஊரையே பயமுறுத்துகிறவருக்கு இப்படி ஒரு பயம் இருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அவருக்கு ஒரே பையன். பிரான்சில் இருந்தான். காரைக்காலில் இது அதிசயமில்லை. அப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை வந்த குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பாரிசுக்குப் பக்கத்தில் ஏதோ கிடங்கில் வேலை. மனைவி அங்கேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, துண்டு துண்டாகப் பேசுவாள். அக்காவுக்கு அவளைப் பிடிக்கும். "அவ பேசுறது நட்டுவச்ச நாத்து மாதிரி, ஒண்ணொண்ணா, ஆனா எல்லாம் அவ கையால நட்டது" என்பார். கணவர் போனபின் தலத்தெரு வீட்டில் அக்கா தனிதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பையன் கூப்பிடுவான். இடையில் போனில் மெசேஜ் அனுப்புவான். அதை மட்டும் அக்கா என்னிடம் காட்டுவார், காட்டும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு வெட்கம் வரும். 'அம்மோவ், இங்க குளிரு வேல வெட்டி இல்லாம என் காதுலயே நிக்குது. உன் மீன் கொழம்பு கனவுல வந்து திட்டுது.' இப்படித்தான் எழுதுவான்.

போன வருஷம் ஐப்பசியில் அந்தக் கூப்பிடுதல் நின்றது. ஒரு ஞாயிறு போனது, அடுத்த ஞாயிறும் போனது. மருமகள் ஒருமுறை எடுத்து, தூங்குகிறார் என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்புறம் ஒரு மெசேஜ் வந்தது. அக்கா அதை என்னிடம் நீட்டினார். முகத்தில் வெட்கம் இல்லை.

'அன்புள்ள அம்மா, நான் இங்கு நலமாக இருக்கிறேன். வேலைப்பளு காரணமாகத் தொலைபேசியில் பேச இயலவில்லை. தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும்.'

"நல்லாத்தானக்கா எழுதியிருக்கு?" என்றேன்.

அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். எந்தச் சந்தேகத்துக்கும் ஜோடி பார்க்காதவர், அன்றைக்குப் பார்த்தார். 'நலமாக இருக்கிறேன்' என்று அடித்தார். திரை நிரம்பியது. 'பேச இயலவில்லை' என்று அடித்தார். நிரம்பியது. 'உடல்நலத்தைக் கவனித்து'. அதுவும் நிரம்பியது. எத்தனை காலத்துப் புத்தகங்கள், எத்தனை பேர் எழுதியது, எல்லாம் ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போயின. அக்கா அதைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார்.

"இவ்வளவு கூட்டத்துல எம்புள்ள எங்கம்மா நிக்கிறான்?"

சார்தான் வந்து எட்டிப் பார்த்தார். "அக்கா, இப்பல்லாம் போனே எழுதிக் குடுத்துருதுங்க. நாம ஒண்ணு சொன்னா போதும், அது மூணு வரி எழுதிரும். பையனுக்கு நேரமில்ல, அதையே எழுத விட்டுருக்கான். அவ்வளவுதான்."

"சோம்பேறித்தனமா இருந்தா எனக்குச் சந்தோஷம் தம்பி. சோம்பேறி மூணு வரி அனுப்பமாட்டான். 'ம்'னு ஒண்ணு அனுப்புவான்."

அன்று அக்காவே ஒன்று எழுதி அனுப்பினார். 'மாடிக் கதவு காத்துல அடிச்சிக்கிட்டே இருக்கு, யாரோ கூப்புடுற மாதிரியே இருக்கு' என்று. எந்த மகனாக இருந்தாலும் கேலி செய்வான், அல்லது பயந்துபோய்க் கூப்பிடுவான். பதில் வந்தது. 'மழைக்காலத்தில் பாதுகாப்பாக இருங்கள் அம்மா. கதவு ஜன்னல்களை நன்றாக மூடி வைக்கவும்.' அக்கா அதை ஒருமுறை படித்துவிட்டு, போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். அப்புறம் அந்தப் போன் சத்தம் போடும்போதெல்லாம் எங்கள் மூன்று பேருக்கும் தூக்கிவாரிப் போடும்.

அதற்குப் பிறகு அவர் ஓட்டைகளை நிரப்பவில்லை. சொல் போன இடத்தைப் போனபடியே விட்டார். சார் கேட்கவில்லை. கிராம்பு டப்பா திறக்கப்படாமல் கிடந்தது. பேச்சும் குறைந்தது, பேசினாலும் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆபீசே மூச்சுவிடாமல் வேலை செய்தது. எனக்கு அவரைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"மருமககிட்ட நேரா கேட்டுருங்களேன்க்கா."

அவர் முதல்முறையாக என் கழுத்தைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார். "கேட்டா பதில் வரும்மா" என்றார்.

எனக்கா அது தெரியாது? புயல் சின்னம் என்று சொன்ன நாட்களில் எங்கள் தெருப் பெண்கள் கரையில் நிற்பார்கள். ஒயர்லெஸ் வைத்திருக்கும் வீடு பத்தடி தள்ளித்தான் இருக்கும். யாரும் போய்க் கேட்க மாட்டோம். கேட்காதவரை எல்லாரும் கடலில் உயிரோடு இருப்பார்கள். அக்கா அப்படித்தான் தன் மகனைக் கடலில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு மதியம். வெளியே விடாத மழை, கீழே தெருவில் கணுக்கால் தண்ணீர். போன் சத்தம் போட்டது. வழக்கமாகத் தொடாத அக்கா அன்றைக்கு எடுத்துப் பார்த்தார். ஒரே ஒரு வரி: 'தாங்கள் எதற்கும் மனம் வருந்த வேண்டாம் அம்மா.'

"நான் வருத்தம்னு ஒண்ணும் எழுதலயேம்மா" என்றார். "நான் எழுதவேயில்லயே."

சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். அக்கா போனை என் கையில் வைத்தார்.

"நீ மருமககிட்ட பேசு. என்னால அவ பேசுறதக் கேக்க முடியாது. அவ ஆரம்பிச்சா போதும், அடுத்தது எனக்குத் தெரிஞ்சுரும். அவ சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் செத்துருவேன். நீ கேட்டுட்டு வந்து சொல்லு."

"அக்கா, நானா? எனக்குக் கை நடுங்குதுக்கா..."

"நடுங்கட்டும். நடுங்கிக்கிட்டே பேசு."

சொல்லிவிட்டு அறைக் கோடிக்குப் போனார். ஸ்கூட்டிக்குப் போடும் ஹெல்மெட் அங்கே ஆணியில் தொங்கியது. அதை எடுத்துத் தலையில் மாட்டி, பட்டையைப் போட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். காதை மூட அவருக்குத் தெரிந்த வழி அது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அந்த முதுகைப் பார்த்தபோது எனக்கு அழுகை முட்டியது. நான் வீடியோவில் கூப்பிட்டேன். முதலில் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"அலோ? அத்தே?" என்றாள் ஒரு பெண். தலை வாராமல், கண்ணுக்குக் கீழே கறுத்து இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் மிரண்டாள். "நீங்க யாரு? அத்தைக்கு என்ன?"

"அத்தைக்கு ஒண்ணுமில்ல. கூட வேலை பாக்குறவ நான். அத்தை இங்கதான் நிக்கிறாங்க." வாழ்நாளில் யாரிடமும் கேட்காத கேள்வியை அன்றைக்கு நான் கேட்டேன். "அவரு இருக்காராம்மா?"

அவள் உடைந்து அழுதாள். அழுதுகொண்டே தலையை மேலும் கீழும் ஆட்டினாள். "இருக்காரு. இருக்காரு. தலைக்குள்ள ரத்தம் உடைஞ்சுது. கிடங்குல விழுந்தாரு. ஆஸ்பத்திரியில ரொம்ப நாள். இப்ப வீடு. இந்தப் பக்கம் கை தூங்குது. பேச்சு... பேச்சு எல்லாம் கலைஞ்சு போச்சு. ஒண்ணு சொல்ல, வேற வருது. அம்மாகிட்ட சொல்லாதேன்னு தலையை ஆட்டி, ஆட்டி, அழுதாரு. எனக்கு எழுத வராது. நான் போன்கிட்ட பிரெஞ்சுல சொன்னேன், அது தமிழ் போட்டுச்சு. அழகா இருந்துச்சு. தப்பா?"

"தப்பில்லம்மா, அவரக் காட்டு" என்றேன்.

போனைப் பிடித்துக்கொண்டு அக்காவை நோக்கி நடந்தேன். அந்தப் பத்தடிக்குள் ஒரு வார்த்தை தேடினேன். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லலாம். எத்தனை புத்தகத்தில், எத்தனை பேர், எத்தனை பொய்யாகச் சொன்ன வார்த்தை அது. அதைச் சொன்னால் அக்கா அங்கேயே விழுந்துவிடுவார். ஹெல்மெட்டின் மேல் விரலால் தட்டினேன். அவர் தோள் குலுங்கியது. திரும்பவில்லை. இன்னொருமுறை தட்டினேன். மெல்லத் திரும்பி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, என் முகத்தில் எதையும் படித்துவிடாமல் நேராகப் போனைப் பார்த்தார்.

ஜன்னலோரம் போட்ட நாற்காலியில் அவன் சாய்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஹெல்மெட் மாட்டிய தன் அம்மாவைப் பார்த்ததும் அவன் முகத்தின் நல்ல பாதி சிரித்தது.

"அம்மா" என்றான். அது சரியாக வந்தது. அதற்கடுத்ததைத் தேடினான். நெற்றி நரம்பு புடைத்தது. "குடை... அம்மா, குடை... குடை அழுவுது."

"ஹெல்மெட்" என்றாள் அவன் மனைவி பக்கத்திலிருந்து, மெதுவாக. "ஹெல்மெட் சொல்லு. என்ன ஹெல்மெட், அப்படி சொல்லு."

அவன் கண்ணில் பயம் வந்துவிட்டது. சொன்னது தப்பென்று அவனுக்கே தெரிகிறது. "உப்பு..." என்றான். "உப்புக் கதவு..." அதற்குமேல் முடியாமல் கண்ணை மூடிக்கொண்டான். சார் என் பின்னால் வந்து நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். "நீ எடுத்துக் குடுக்காதம்மா" என்றார் மருமகளிடம். அதட்டலில்லை, கெஞ்சல்தான். "யாரும் எடுத்துக் குடுக்க வேணாம்."

பிறகு போனை என்னிடமிருந்து வாங்கி முகத்துக்கு அருகே பிடித்துக்கொண்டார். கழுத்தைப் பார்க்கவில்லை. அவன் கண்ணையே பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் இறங்க, பயந்த குழந்தை மாதிரி அந்தக் குரல் நடுங்கியது.

"அய்யா, இந்தா பாரு. அம்மாவுக்கு அடுத்தது என்னன்னு தெரியலய்யா. சத்தியமா தெரியல. நீயே சொல்லு."

அவன் கண்ணைத் திறந்தான்.